நான் மணலாக நின்ற நாள்

என்னை மணலாக்கியது என் சாச்சிதான். நான் கடலாக இருக்கத்தான் ஆசைப்பட்டேன். வகுப்பில் ஓட்டத்தில் என்னை முந்த ஆளில்லை, சத்தத்திலும் ஆளில்லை. கடலுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் சாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ மணல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கடல் வேலை, எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்குப் போனது. அன்று முழுக்க நான் சாச்சியோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சாச்சி உம்மாவின் தங்கை. ஆசிரியப் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்திருந்தார். எங்களுக்குச் சுற்றாடல் பாடம் எடுத்தார். பயிற்சி முடியும்போது பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளைக் கொண்டு ஏதாவது செய்து காட்ட வேண்டும், அதை வைத்துத்தான் அவருக்குப் புள்ளி. அவருக்கு முன்னர் வந்த டீச்சர்மார் எல்லோரும் ஒரு பிள்ளையைப் பிடித்து மரம் நடுவோம் என்று பேச்சுப் பாடமாக்கிக் கொடுத்துவிட்டுப் புள்ளியை வாங்கிப் போயிருந்தார்கள். சாச்சிக்கு அது பிடிக்கவில்லை. “வாயால படிச்சது வாயோட போயிரும், உடம்பால படிச்சது கிடக்கும்” என்பது அவருடைய கட்சி. பள்ளிக்கூட அதிபர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாட்டு ஆட்டம் ஒன்றும் வேண்டாம், நாளைக்கு ஊர் என்னைத்தான் கேட்கும் என்றார். இது ஆட்டம் இல்லை சேர், தண்ணீர் போகிற விதம் என்றார் சாச்சி. அதிபருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. விளங்காததாலேயே ஓம் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே தோணா என்கிற நீர்நிலை கிடக்கிறது. மேற்கே நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல்களில் விழுகிற மழையெல்லாம் வாய்க்கால் வழியாக வந்து அதில்தான் நிறையும். அங்கிருந்து கடலுக்குப் போக ஒரே வழி முகத்துவாரம். அந்த வாயைக் கோடை முழுக்கக் கடல் மணலைக் குவித்து மூடிவைத்திருக்கும். மாரியில் தண்ணீர் ஏறி வெள்ளாமை மூழ்கப் போகிற நேரம் ஆட்கள் போய் அந்த மணலை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வயல் பிழைக்கும். ஆனால் தோணாவில் வளர்கிற இறாலும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். அதனால் வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார்கள். வலைக்காரர் இறால் இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும், பொறு என்பார்கள். இரண்டு பக்கமும் ஓம் சொல்லாமல் மண்வெட்டி மணலில் இறங்கக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

போன மாரியில் அந்த வழக்கத்தை மீறி, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வயல்காரர் சிலர் போய் வெட்டிவிட்டார்கள். முதல் வெட்டு வெட்டியது என் வாப்பா. வலைக்காரருக்காகக் கதைக்கிற ஆள் என் மாமா, அதாவது உம்மாவுடைய காக்கா, மூத்த சகோதரர். அந்த மாரி மாமாவின் வலையில் பாசியைத் தவிர ஒன்றும் ஏறவில்லை. அன்றிலிருந்து இரண்டு மச்சான்மாரும் கதைப்பதில்லை. பள்ளிவாசலில் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள், ஸலாம் கொடுத்து முகத்தைத் திருப்பும்போது மட்டும் கண் கூரைக்குப் போய்விடும் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். உம்மா சிரிக்கமாட்டார். பெருநாளைக்கு வட்டிலப்பம் செய்து, வாப்பா வெளியே போன நேரம் பார்த்து, என்னிடம் மாமா வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். வெறும் பாத்திரம் திருப்பி அனுப்பக்கூடாதே, மாமி அதில் கருவாடு போட்டு அனுப்புவார். கடைசியில் எது எங்கள் பாத்திரம், எது அவர்கள் பாத்திரம் என்று யாருக்குமே தெரியாமல் போனது.

இவ்வளவு கொதித்துக்கொண்டிருக்கிற விஷயத்தைத்தான் சாச்சி சுற்றாடல் பாடத்துக்கு எடுத்தார். உம்மா தலையில் கை வைத்தார். வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா, யானை, ஆமை என்று எவ்வளவு கிடக்கு என்று கேட்டார். சாச்சி பழைய சேலைகளைத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தச் சேலைகளை நீளமாகவும் அகலமாகவும் ஒன்றாகத் தைத்து ஒரு தண்ணீர் செய்தார். நீலம், பச்சை, உம்மாவின் கலியாணத்துக்கு அடுத்த வருடத்துச் சேலையின் ஊதா, எல்லாம் சேர்ந்த தண்ணீர். அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் தோணாத் தண்ணீர். சேலையின் கீழே குந்தியிருப்பவர்களில் பாதிப் பேர் நெல்லு, பாதிப் பேர் இறால். ஒரு ஓரத்தில் கைகோத்து வரிசையாக நிற்கிற நாங்கள் மணல். எங்களுக்கு அந்தப் பக்கம், மூக்கு ஒழுகுகிற கடல். சாச்சி கைதட்டினால் மழை. மழை பெய்யப் பெய்யத் தண்ணீர்ப் பிள்ளைகள் சேலையை முழங்காலில் இருந்து இடுப்புக்கும், இடுப்பில் இருந்து நெஞ்சுக்கும் உயர்த்துவார்கள். வெட்டு என்றதும் மணல் கையை விடும், தண்ணீர் கடலுக்கு ஓடும்.

முதல் நாள் அது சந்தைக்கடை மாதிரிதான் இருந்தது. வெட்டு என்றதும் நாங்கள் எல்லோரும் கையை விட்டோம், தண்ணீர் ஓடிப்போய்க் கடலின் மேல் விழுந்தது, கடல் அழுதது. சாச்சிக்குக் கோபம் வரவில்லை. மணல் எப்படி விழும் என்று எங்களிடம் கேட்டார். விழும், அவ்வளவுதானே என்றோம். நெல்லு எப்படி மூழ்கும், இறால் பயந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று கேட்டார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மாமாவின் மகன், என் வகுப்புத்தான், மெல்ல எழும்பி இறால் பின்னுக்குத்தான் பாயும் என்றான். செய்து காட்டு என்றார் சாச்சி. அவன் குந்தியிருந்து, முதுகை வளைத்து, ஒரே எத்தில் பின்னால் பாய்ந்தான். நாங்கள் சிரித்தோம். பிறகு எல்லோரும் அப்படிப் பாய்ந்து பார்த்தோம், பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கண் முன்னால் பார்க்கிறது, உடம்பு பின்னால் போகிறது. எங்கே போகிறோம் என்று தெரியாமலே உயிர் தப்புகிற ஒரு சீவன். அன்றைக்குப் பிறகு இறால் கறியைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது, சாப்பிடுவதை விட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

அவன் சொல்லி நான் சும்மா இருப்பேனா? வாப்பாவிடம் கேட்டுவந்தேன். வெள்ளாமை தண்ணீரில் நின்றாலும், ஓலை நுனி வெளியே தெரிகிற வரைக்கும் சாகாதாம். சாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நெல்லுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு விரலை மேலே நீட்ட வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. சேலைகளைத் தைத்த இடங்களில் சாச்சி கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிரித்துவிட்டார். அந்த இடைவெளிகளால் விரல் வெளியே தெரிந்தால் பயிர் உயிரோடு இருக்கிறது, உள்ளே போனால் முடிந்தது. இறால்கள் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குந்தலில் இருந்து எழும்ப வேண்டும். முழுதாக எழும்ப முன்னர் வெட்டினால் தண்ணீரோடு போய்விடும். இப்படி அந்த விளையாட்டு நாளுக்கு நாள் மாறியது. எந்தச் சட்டம் சாச்சி போட்டது, எது நாங்கள் போட்டது என்று கேட்டால் இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

மணல் எப்படி விழும் என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. ஒரு நாள் பள்ளி விட்டதும் சாச்சி மணல் பிள்ளைகளை மட்டும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அலை ஏறி இறங்கிய இடத்தில் குட்டை மாதிரித் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சாச்சி செருப்பைக் கழற்றி, குதிக்காலால் குட்டையில் இருந்து கடல் பக்கம் ஒரு கோடு இழுத்தார். நூல் போல ஒரு தண்ணீர் அதில் இறங்கியது. இவ்வளவுதானா என்று நான் திரும்பிப் போகப் பார்த்தேன். பொறு புள்ள, பாரு என்றார். நூலின் இரண்டு பக்கமும் இருந்த மணல் கரை விரலளவு சரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் இருந்தது கொஞ்ச நேரம் நின்றது, கீழே தண்ணீர் அரிக்க அரிக்க நின்றது, பிறகு அதுவும் முகங்குப்புற விழுந்தது. பிறகு அடுத்தது. எல்லாம் ஒரேயடியாக விழவில்லை. ஒன்று விழுந்தபடியால்தான் அடுத்தது விழுந்தது, ஆனாலும் ஒவ்வொன்றும் தன்னால் முடிந்த மட்டும் நின்றுதான் விழுந்தது. நாங்கள் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மணல் என்றால் சும்மா கிடக்கிற சாமான் என்று நினைத்திருந்த எனக்கு உடம்பு புல்லரித்தது. கடலாகவில்லையே என்ற கவலை அந்தக் குட்டையோடு போனது.

அதற்குப் பிறகு மணலில் நான்தான் நடு ஆள். முதல் கை விடுவது என் வேலை. மற்றவர்கள் தண்ணீரின் இழுவையைத் தாங்கி நிற்கும் மட்டும் நின்று, ஒவ்வொருவராக விழ வேண்டும்.

ஆனால் ஒரு குறை தீரவேயில்லை. வெட்டு என்று யார் சொல்வது? சாச்சி அதைச் சொல்லித்தரவில்லை, நீங்களே கண்டுபிடியுங்கள் என்றார். ஊர் வழக்கப்படி நெல்லும் இறாலும் இரண்டும் ஓம் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். நெல்லு, சேலை இடுப்புக்கு வரமுன்னமே ஓம் ஓம் என்று கத்தும். இறாலுக்குத் தலைவன் மாமாவின் மகன். அவன் வாயைத் திறக்கமாட்டான். நான் மணலில் நின்றுகொண்டு அவனோடு சண்டைக்குப் போவேன். வயல் செத்தால் நீ சோற்றுக்கு எங்கே போவாய் என்று கேட்பேன். அவன், போன முறை எங்கட வாப்பா எங்கே போனார் என்று கேட்பான். அவை எங்கள் சொல் இல்லை, இரண்டு வீட்டுக் குசினி அடுப்படியிலும் கேட்ட சொல். மணலுக்கு வாய் இல்லை, சும்மா நில் என்று சாச்சி என்னை அதட்டுவார். ஒரு நாளும் அந்த விளையாட்டு ஒழுங்காக முடியவில்லை. ஒன்றில் பயிர் செத்தது, இல்லாவிட்டால் இறால் போனது, அதுவும் இல்லாவிட்டால் அடிதடி.

பெற்றோர் கூட்டத்துக்கு முதல் நாள் பிடித்த மழை விடவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் பெற்றோரைக் காணவில்லை. முகத்துவாரத்தில் ஊர் கூடி நிற்கிறது என்றார்கள். மண் வெட்டுகிற பெக்கோ வருகிற வழியிலே வெள்ளம், அது வராது. ஆட்கள் மண்வெட்டியோடு போயிருக்கிறார்கள். அதிபர் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு அங்கேயே புறப்பட்டார். இவ்வளவு நாள் செய்ததெல்லாம் இப்படிப் போய்விட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. சாச்சி சேலைத் தண்ணீரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, நடங்க என்றார்.

முகத்துவாரத்தில் தோணா அப்படி நிறைந்து நான் கண்டதில்லை. மணல் மேட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது தண்ணீர். இந்தப் பக்கம் மண்வெட்டிகளோடு வயல்காரர், அவர்களுக்குள் என் வாப்பா. அந்தப் பக்கம் சாரனை மடித்துக்கட்டிய வலைக்காரர், முன்னால் மாமா. இன்னும் மூன்று நாளாவது பொறுக்க வேண்டும், இறால் விரல்நுனி அளவுகூட வரவில்லை என்பது மாமாவின் பக்கம். மூன்று நாளில் வெள்ளாமை அழுகிவிடும் என்பது வாப்பாவின் பக்கம். ஆனால் இரண்டு பேரும் நேரே கதைக்கவில்லை. நடுவில் நின்ற வட்டவிதானை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கிற பெரியவர், இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் சொல்லிக் களைத்துப்போயிருந்தார். வாப்பாவின் கை மண்வெட்டிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். போன முறை மாதிரி இந்த முறையும் நடந்தால் உம்மாவின் பாத்திரம்கூட இனி அந்த வீட்டுக்குப் போகாது என்று எனக்கே விளங்கியது.

சாச்சி எங்களைத் தண்ணீரில் இருந்து தூரத்தில், மேட்டு மணலில் நிறுத்தினார். சேலையை விரித்தார். நாங்கள் போய் எங்கள் எங்கள் இடத்தில் நின்றோம். எங்கள் நாள் அது, யாருக்காகவும் விட்டுக்கொடுக்க முடியுமா? கைதட்டத் தேவை இருக்கவில்லை, மழை தானாகவே பெய்தது. நனைந்த சேலை பாரமாகி, அசல் தண்ணீர் மாதிரியே ஆடியது. முழங்கால், இடுப்பு. சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், பிறகு இன்னொருவர். இந்தப் புள்ளயள் என்ன செய்யிறாங்க என்று யாரோ கேட்டார்கள். அதிபர் குடையைச் சாய்த்துப் பார்த்தார். சேலை நெஞ்சுக்கு ஏறியது. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எங்கள் பக்கத்தில் கதை மெல்ல மெல்ல அடங்கி, மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாம் வகுப்பில் இருந்து கெஞ்சிக் கூத்தாடி வந்து சேர்ந்த ஒரு குட்டிப் பெண் இருந்தாள். அவள் நெல்லு. கடைசியில் அவளுடைய விரல் ஒன்றுதான் வெளியே நின்றது. குளிரில் அது நடுங்கியது. இறால்கள் இன்னும் பாதிதான் எழும்பியிருந்தன. மாமாவின் மகன் முதுகை வளைத்துக்கொண்டு தன் வாப்பாவைப் பார்த்தான். நெல்லு ஓம் என்று கத்தவில்லை, அன்றைக்கு ஒருவரும் கத்தவில்லை. நான் இரண்டு பக்கத்துக் கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் துடித்தது, ஆனால் மணலுக்கு வாய் இல்லை. அவ்வளவு பெரிய ஆட்கள், அவ்வளவு பேரும், அந்தச் சின்ன விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாமா தலையைக் குனிந்து, தோணாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு வாப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

“ஓம். வெட்டுங்க மச்சான்.”

எங்கள் விளையாட்டுக்குத்தான் மாமா ஓம் சொன்னார் என்று நினைத்து நான் கையை விட்டேன். தண்ணீர் பாய்ந்தது, மணல் ஒவ்வொருவராக விழுந்தோம், இறால் பின்னுக்குப் பாய்ந்து பாய்ந்து கடலுக்குப் போனது. கடல் எங்களை எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு உருண்டது. முதல் முறையாக அந்த விளையாட்டு முடிந்தது. நான் மணலில் கிடந்தபடியே திரும்பிப் பார்த்தபோது வாப்பா மண்வெட்டியை மாமாவிடம் நீட்டிக்கொண்டு நின்றார்.

“முதல் வெட்டு நீங்க போடுங்க.”

மாமா போட்டார். பிறகு எல்லோரும் இறங்கி வெட்டினார்கள். வெட்டி முடிந்து இறங்கியது ஒரு முழ அகலத் தண்ணீர்தான், ஒரு பிள்ளை தாண்டிவிடலாம். சாச்சியின் குதிக்கால் கோட்டை நினைத்துக்கொண்டு நான் கரையைப் பார்த்தேன். கரை சரிந்தது. பக்கத்தில் இருந்தது நின்றது, நின்றது, விழுந்தது. ஆனால் இப்போது விழுந்தது விரலளவு இல்லை, ஆளளவு. பிறகு மாட்டுவண்டி அளவு. விழுகிற சத்தம் காலடியில் கேட்டது. அந்த முழத் தண்ணீர் தெருவாகி, ஆறாகி, மேற்கே நாவிதன்வெளி வரைக்கும் பெய்த மழையெல்லாம் ஒன்றுசேர்ந்து மண்நிறத்தில் இரைந்துகொண்டு கடலுக்குள் போனது. அலை எதிரே வந்து அதில் மோதி, வீடு உயரத்துக்கு எழும்பி நின்றது. நீலக்கடல் கண்ணுக்கெட்டிய தூரம் தேத்தண்ணி நிறமாகிவிட்டது. யா அல்லாஹ் என்று சாச்சி சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இத்தனை நாள் என் உடம்பு பழகியதைத்தான் அந்தப் பெரிய மணல் செய்கிறது, அல்லாஹ்வின் மணலும் நானும் ஒரே பாடம் படித்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. ஆட்டம் இல்லைதான் என்று அதிபர் குடைக்குள் இருந்து சாச்சியிடம் சொன்னார். யாரோ தண்ணீர் பாய்வதைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். அது இன்றும் ஊரில் சுற்றுகிறது. அதில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது, நாங்கள் இல்லை.

மாமா முகத்துவாரத்து ஓரத்தில் நின்று வீச்சு வலையை எறிந்து எறிந்து பார்த்தார். போகிற தண்ணீரில் எவ்வளவுதான் பிடிக்க முடியும்? வாப்பாவுக்கு வலை வேலை தெரியாது. கூடையைப் பிடித்துக்கொண்டு மாமாவின் பின்னாலேயே நடந்தார். அந்தக் கூடையில் இருந்து அள்ளி, எங்கள் வீட்டுப் பாத்திரமா அவர்கள் வீட்டுப் பாத்திரமா என்று தெரியாத, மாமி கொண்டுவந்திருந்த அந்தப் பாத்திரத்தில் போட்டு, மாமா பகிரங்கமாகவே என் கையில் தந்தார்.

மஃரிபுக்குப் பிறகு உம்மா அதைத் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினார். பாயில் எங்கள் வீட்டார் எல்லோரும் ஒன்றாக இருந்தோம், சாச்சியும் இருந்தார். எனக்குப் பெரிய ஏமாற்றம். நகத்தளவு இறால், சோற்றுக்குள் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மாமா ஏன் இவ்வளவு சின்னதாகப் பிடித்தார், கொஞ்சம் பெருக்க விட்டுப் பிடித்திருக்கலாமே என்று நான் சத்தமாகவே கேட்டேன். உம்மா என் தலையைத் தடவிவிட்டு, சாப்பிடுங்க மகள் என்றார்.

வாப்பாவுக்கு இறால் என்றால் உயிர். மற்ற நாட்களில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர், அன்றைக்கு வெறும் சோற்றில் பருப்பை ஊற்றி, தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழும்பிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவருடைய பங்கு முழுவதும் எனக்குத்தான் என்ற சந்தோஷத்தில், சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.